வண்டியைப் பிடிக்க ஒரு ஆள்

மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பேனா எழுதாது. மை கீழே இறங்க மாட்டேன் என்கிறது. சிஸ்டர்தான் பென்சில் கொடுத்தது. முதுகைத் தூக்கக் கூடாது, தலைக்குத் தலையணையும் கிடையாது, அதனால் நோட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து எழுதுகிறேன். கை வலித்தால் நிறுத்திவிடுவேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தது, அதிலும் பாதி நாள் காட்டு வேலை. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை. இன்னும் பதினோரு நாள் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இந்த வார்டுக்கு இனிமேல் வரப்போகிற பொம்பளைகளுக்காக எழுதுகிறேன். நான் செய்த தப்பை அவர்கள் செய்யாமல் இருக்கட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். பூம்பாறை. படிப்படியாக இறங்குகிற பூண்டுக்காடு எங்களுக்கு. வீட்டுக்காரர் போன பிறகு பத்தொன்பது வருஷமாக நான் ஒருத்திதான் அதைப் பார்க்கிறேன். யாரிடமும் போய் நின்றதில்லை. அந்த நினைப்பிலேதான் விழுந்தேன்.

வைகாசி நடவு. மேல்படியில் இருந்து விதைப்பூண்டு மூட்டையைக் கீழே இறக்க வேண்டும். "இருங்க மதினி, ரெண்டு பேராப் பிடிப்போம்" என்று காமாட்சி சொன்னாள். காமாட்சி என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் தனியாகத் தூக்கினேன். கல்வரப்பில் பனி ஈரம். கால் வழுக்கி, மூட்டையோடு கீழ்ப்படியில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். முதுகுக்குள்ளே காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடி வருவதற்குள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட வேண்டும் என்று பார்த்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

ஒரு கதவைக் கழற்றி அதில் என்னைக் கிடத்தி, காய்கறி ஏற்றுகிற மினி லாரியில் கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் காமாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் சொன்னேன்ல, நாந்தான் சொன்னேன்ல" என்றே வந்தாள். வலியைவிட அதுதான் பொறுக்க முடியவில்லை.

நாயுடுபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் பொறுமையாகச் சொன்னார். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகளாம். அதில் ஒரு கட்டையின் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகிவிட்டதாம். "வயசான பொம்பளைங்களுக்கு எலும்பு வெளியில பாக்க நல்லாத்தான் இருக்கும் பாட்டி. உள்ள ரஸ்க் மாதிரி ஆயிரும். சும்மா தொப்புன்னு உக்காந்தாலே நொறுங்கிரும்."

"பாட்டின்னு கூப்பிடாதீங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "ஒரு சில்லு உடைஞ்சு நரம்பு பக்கம் போயிருக்கான்னு பாக்கணும். அதுக்குக் கீழ போய் ஸ்கேன் எடுக்கணும். அது வரைக்கும் அசையக் கூடாது."

அசையக் கூடாது என்றால் என்னவென்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் திரும்ப வேண்டுமென்றால் மூன்று பேர் வந்து, மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி ஒரே சேர உருட்டுவார்கள். மற்ற நேரம் மேலே பார்த்தபடி கிடக்க வேண்டும். இந்த ஊர்க் குளிருக்கு மின்விசிறியும் கிடையாது, பார்க்க ஒன்றுமே இல்லை. ஜன்னல் என் தலைக்குப் பின்னால். சீசன் நேரமாதலால் வண்டிகளின் ஹாரன் சத்தம் மட்டும் வரும். ஊரே சுற்றிப் பார்க்க வந்திருக்கிறது, நான் வெள்ளைக் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளனே என் மகள் வந்துவிட்டாள்.

அவள் பெயர் செல்வி. எனக்கு அவள் ஒருத்திதான். கட்டிக்கொடுத்த இடத்தில், கீழே ஒரு பெரிய ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளை இல்லை. அவளுக்கு அந்த ஊர் ஏர்போர்ட்டில் வேலை. எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீலக் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அதை நான் சட்டம் போட்டு மாட்டி, வருகிற ஆள்களிடமெல்லாம் "எம் மக ஏர்போர்ட்ல ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கோட்டைப் பார்த்து நானே முடிவு செய்தது.

பத்து நாள் லீவு என்று சொன்னாள். வந்ததில் இருந்து அவள் சரியாக இல்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைப்பாள், வாய்க்குப் போகாது. போன் அதிர்ந்தால் உடம்பெல்லாம் விறைத்துப்போகும். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி, அதைப் பார்த்துக்கொள்ள வத்தலகுண்டில் இருந்து வந்திருக்கிற மருமகள் ராணி. ராணி வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும். என் மகள் சிரிக்க மாட்டாள். சுவரைப் பார்ப்பாள். வேலை எல்லாம் ஒழுங்காகச் செய்வாள், முகம் துடைப்பாள், கால் பிடிப்பாள், எல்லாம் அளவெடுத்த மாதிரி. சின்ன வயசில் ஓயாமல் பேசுகிற பிள்ளை. வேறு யாரோ அவள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

இவளை இப்படியே திருப்பி அனுப்பினால் அப்புறம் இவள் எனக்குக் கிடைக்க மாட்டாள் என்று ஒரு பயம் புகுந்துவிட்டது. என் முதுகைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"என்னத்தா ஆச்சு உனக்கு?"

"ஒன்னுமில்லம்மா. தூக்கம் இல்ல."

"தூங்கு."

"படுத்தா வரலம்மா."

அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸில் பலகையோடு சேர்த்து நெற்றி, நெஞ்சு, இடுப்பு, கால் எல்லாவற்றையும் வாரால் கட்டினார்கள். பெருமாள்மலை வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அருவியைப் பார்க்க நிறுத்திய கார்களாம். உள்ளே கட்டிப்போட்டுக் கிடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் வாந்தி வருகிற மாதிரி இருக்கும், தலையைத் திருப்பவும் முடியாது. செல்வி என் தாடையை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள்.

கீழே ஸ்கேன் எடுக்கிற இடத்தில் என்னைப் பலகையில் இருந்து மாற்ற வேண்டும். அங்கிருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கப் போனார்கள். "நில்லுங்க" என்றாள் செல்வி. ஒரு போர்வையை எனக்கு அடியில் செருகினாள். ஒருத்தனைத் தலைமாட்டில் நிறுத்தினாள், ஒருத்தனை இடுப்புக்கு. "ஒன்னு, ரெண்டு, மூணு." முதுகு தெரியவே இல்லை, தண்ணீரில் மிதந்து போன மாதிரி மாறிவிட்டேன்.

அதில் ஒருத்தன் கேட்டான்: "அக்கா எந்த ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கீங்க?"

"நர்ஸ் இல்லப்பா. ஏர்போர்ட்ல வீல்சேர் தள்ளுறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே அனுப்புவதற்கு முன்னால் காதோரம் குனிந்து அவள் சொன்னாள்: "அம்மா, குழாய் மாதிரி இருக்கும். தடதடன்னு சத்தம் வரும். பயந்தா மூச்சை மட்டும் பாரு. உள்ள போகுது, வெளிய வருது, அவ்வளவுதான்."

"எழுவது வருஷமா விட்ட மூச்சு. அதுல பாக்க என்ன கெடக்கு?" என்றேன். கோபம்.

அந்தக் குழாய் என் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது. கையை நகர்த்த இடமில்லை. பாறையை உடைக்கிற மாதிரி சத்தம். ஆபீசர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேனே, வண்டி தள்ளுகிறாளாமே, காமாட்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைப்பு ஓடுகிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் அவள் சொன்னபடி பார்த்தேன். மூச்சு உள்ளே போனால் ஒரு பூண்டுப் பல்லை எடுப்பேன். வெளியே வந்தால் பெருவிரலால் மண்ணுக்குள் அமுக்குவேன். ஒரு மூச்சுக்கு ஒரு பல். சத்தம் நின்று என்னை வெளியே இழுத்தபோது ஒரு பாத்தி முழுக்க நட்டு முடித்திருந்தேன். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

சில்லு நரம்பைத் தொடவில்லை. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் நாலு வாரம் மல்லாந்த படுக்கை என்று தீர்ப்பாயிற்று.

அதில் இருந்து இரண்டு நாள் நான் மகளோடு பேசவில்லை. கேட்டால் ம் கொட்டினேன். இங்கேதான் என் தப்பு ஆரம்பிக்கிறது.

முதல் சில நாள் சிறுநீருக்கு ஒரு ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். அது இருந்தால் கிருமி ஏறும் என்று எடுத்துவிட்டார்கள். இனிமேல் வந்தால் சொல்ல வேண்டும், அடியில் பேசின் வைப்பார்கள். மகள்தான் வைக்க வேண்டும். நான் பெற்ற பிள்ளை எனக்குப் பேசின் பிடிப்பதா? அதுவும் பேச்சே இல்லாமல் இருக்கிறபோது நானாக வாயைத் திறந்து கேட்பதா? ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டால் வராது. டம்ளரை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவேன். வந்தாலும் அடக்கிக்கொள்வேன். காலையில் ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம், அதுவும் சிஸ்டர் வந்து அதட்டினால்.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். போர்வை நழுவிவிட்டது, குளிர். வேறு வழியில்லாமல், "ஏத்தா" என்று கூப்பிட்டேன். துள்ளி எழுந்தாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க மேடம். கையை உள்ள வச்சுக்கோங்க மேடம்" என்றாள்.

ராணி சிரிக்கப் போய், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். செல்விக்கு அப்படிச் சொன்னதே தெரியவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பெற்ற தாயைப் பார்த்து மேடம்.

அன்றைக்குச் சாயந்தரம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடுகிற நடுக்கம். விலாவுக்குப் பின்னால் குத்தல். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்தது. டாக்டரம்மா வந்து அமுக்கிப் பார்த்தார், சோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்து மேலே சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாம்.

"நாள் முழுக்க எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

கம்பளியை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

"அடக்கி வச்சீங்களா?"

அதற்குக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"மூணு நாள் ஊசி. அப்புறம் மாத்திரை" என்று டாக்டரம்மா ஏதோ நீளமான பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். பாதிப் பெயர் சொல்வதற்குள் என் மகள் மீதிப் பெயரைச் சொன்னாள். காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு, ஏழு நாள், நடுவில் நிறுத்தக் கூடாது என்பது வரைக்கும் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் நாலு தடவை சாப்பிட்டிருக்கேன் டாக்டர். இந்த ஒரு வருஷத்துல."

"ஏன்?"

"அதே காரணம்தான். அடக்கி வைக்கிறது."

காய்ச்சல் நடுக்கத்திலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வீம்புக்கு அடக்கினேன். இவள் எதற்கு அடக்கினாள்?

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள். வண்டியில் வைத்துத் தள்ளுகிற ஆளை விமானத்தில் சேர்க்கிற வரைக்கும், இல்லையென்றால் வெளியே சொந்தக்காரர் கையில் ஒப்படைக்கிற வரைக்கும், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட்டு நகரக் கூடாதாம். அது சட்டமாம். நல்ல சட்டம்தான், அவர்கள் வயசானவர்கள், காது கேட்காதவர்கள். ஆனால் ஒருத்தரை விட்டதும் அடுத்தவர் காத்திருப்பார். அடுத்த வண்டி, அடுத்த வண்டி. ஆள் குறைவு. ஒன்பது மணி நேரத்தில் நடுவில் ஒரு தரம் ஒதுங்கப் போக முடிந்தால் பெரிசு. அதனால் காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் போவாளாம்.

"ஆரம்பத்துல ஒவ்வொருத்தர் கூடவும் பேசிக்கிட்டே போவேன் டாக்டர். எங்க போறீங்க, பேரன் பிறந்திருக்கானான்னு. இப்போ முகமே தெரியறதில்ல. வண்டிதான் தெரியுது. போன மாசம் ஒரு ஆத்தா என் கையைப் பிடிச்சு அழுதுச்சு, மகன் செத்துப்போய் பாக்கப் போறேன்னு. எனக்கு ஒன்னுமே ஆகல. டைமைத்தான் பாத்தேன். அன்னைக்கு எனக்கே எம்மேல பயம் வந்துச்சு. அழலாம்னு பாத்தா அதுவும் வர மாட்டேங்குது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒரு கிளாஸ் எடுத்தாங்க. மைண்ட்ஃபுல்னஸ்னு. லீவு நாள்ல வரச்சொல்லி, ஒரு ஹால்ல உக்கார வச்சு, கண்ணை மூடி மூச்சைக் கவனிங்கன்னாங்க. கண்ணை மூடினதும் தூங்கிட்டேன். எல்லாரும்தான் தூங்கினோம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். இதற்கு பர்ன் அவுட் என்று பெயராம். "அடுப்புல வச்ச பாத்திரத்துல தண்ணி வத்திப்போனா அடி பிடிக்கும்ல, அப்படின்னு வச்சுக்கோங்க. உங்ககிட்ட குறை ஒன்னும் இல்ல. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், செய்யுங்க. ஆனா அது மட்டும் போதாது. உங்களைத் தாங்க நாலு பேர் வேணும்."

அவர் போன பிறகு நான்தான் முதலில் பேசினேன். "ஏத்தா, பேசினை எடு."

எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் ஊரெல்லாம் ஆபீசர்னு சொல்லி வச்சிருக்கியே. முடியலம்மான்னு போன் பண்ணலாம்னு எடுப்பேன். ஆபீசரம்மா எப்படி இருக்கன்னு நீ ஆரம்பிப்ப. வச்சிருவேன்."

நான் மேலே வெள்ளைக் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். எத்தனை வருஷம் நான் அந்த போட்டோவைத் துடைத்திருப்பேன்.

ஊசி மூன்று நாளில் காய்ச்சலை இறக்கியது. நான் குடிக்கிற தண்ணீரை அவள் கணக்குப் பார்த்தாள், அவள் குடிப்பதை நான் பார்த்தேன். லீவு முடிய இரண்டு நாள் இருக்கிறபோது ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊர்ப் பொம்பளைகள் நாலு பேர் வந்தார்கள், காமாட்சிதான் முன்னால். கையில் ஒரு பை கேரட்.

"ஆபீசரம்மா இளைச்சுப் போயிருச்சே" என்றாள் உள்ளே வரும்போதே.

செல்வி முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"அவ ஆபீசர் இல்ல காமாட்சி" என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "வயசானவங்களை வண்டியில வச்சுத் தள்ளுறா. ஆபீசர்னு நாந்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல."

காமாட்சி கேரட்டைக் கீழே வைத்தாள்.

"இது எங்களுக்கு எப்பவோ தெரியும் மதினி. நம்ம மேலவீட்டு முருகன் அந்த ஏர்போர்ட் வழியாத்தானே சவுதிக்குப் போனான். இவளைப் பாத்துட்டு வந்து சொன்னான். மூணு வருஷம் ஆச்சு."

"அடிப்பாவி. அப்புறம் ஏன்டி ஆபீசரம்மா, ஆபீசரம்மாங்கிற?"

"நீங்க சந்தோஷமாச் சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?"

ராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. என் மகள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே இருந்தது கொஞ்ச நேரத்தில் அழுகையாக மாறியது. காமாட்சி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் பெற்றவள், எனக்கு இரண்டு முழம் தள்ளித்தான் அழுகிறாள், கையை நீட்டினால் எட்டவில்லை. இந்தப் படுக்கையில் நான் பட்டதிலேயே அதுதான் பெரிசு.

அழுது முடித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காமாட்சிக்கு அடக்குகிற கதைதான் பிடிபடவில்லை. "ஏன் அடக்கணும்? பக்கத்துல இருக்கிறவகிட்ட வண்டியைக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"அவகிட்ட அவ வண்டி இருக்கும் அத்தை."

"இருக்கட்டுமே. நம்ம களையெடுக்கையில ஆளுக்கொரு வரிசையா உக்காந்து போறோம். ஒருத்தி ஒதுங்கப் போனா அவ வரிசை அங்கேயேவா நிக்குது? ரெண்டு பக்கத்துக்காரியும் கையை நீட்டி அவ வரிசையையும் சேத்து இழுத்துக்கிட்டு வர்றதில்ல? அவ திரும்பி வந்தா எல்லாரோடயும் சமமாத்தான் உக்காருவா. எவளும் வாயைத் திறந்து கேக்குறதுகூட இல்ல."

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "நாங்க நாலு பேர் ஒரே ஷிஃப்ட்தான். ஒருத்தரை ஒருத்தர் கேட்டதே இல்ல. கேட்டா முடியாதவன்னு நினைப்பாங்களோன்னு" என்றாள்.

"உங்க அம்மா பிள்ளைதான் நீ" என்றாள் காமாட்சி.

அந்த இரண்டு நாளும் செல்வி போனில் பேசிக்கொண்டே இருந்தாள். கூட வேலை பார்க்கிற மூன்று பேரிடமும் பேசினாள். ஒருத்திக்கும் இதே கிருமிதானாம், ஒருத்தி வீட்டில்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தாளாம். சூப்பர்வைசரிடமும் பேசினாள். அவர் மோசமானவர் இல்லை, அவருக்கு மேலே ஒருத்தர் கேள்வி கேட்பார். கூடுதலாக ஆள் தர முடியாது என்றார். காத்திருக்கிற இடத்தில் இரண்டு வண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் ஒருத்தி பொறுப்பாக நின்றால் சட்டத்தை மீறியதாகாதே என்று இவள் கேட்டாளாம். பார்க்கலாம் என்றாராம்.

"இந்த வேலையை விட்டுட்டு வந்துரேன்" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"விடணும்னுதான் வந்தேன்மா. ஆனா எனக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிச்சது, அது எங்க போச்சுன்னு தெரியல. ஒரு தடவை தண்ணி குடிச்சுட்டு செஞ்சு பாக்குறேன். முடியலன்னா உங்கிட்ட வந்துருவேன். ஊருக்கு என்ன சொல்றதுன்னு நீ யோசிச்சு வச்சுக்கோ."

"ஊருக்கு எல்லாம் தெரியுமாம்ல" என்றேன்.

போகும்போது ஒரு ஏற்பாடு செய்தோம். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும் மிஸ்டு கால் கொடுப்பேன். அவள் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்துப் பேச வேண்டியதில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்து ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். ஆள் வராத வேளைக்கு ராணி இருக்கிறாள்.

அவள் போன முதல் நாள் ஐந்து தரம் அடித்தேன், மூன்று தரம் திரும்ப வந்தது. இரண்டாம் நாளும் மூன்று. மூன்றாம் நாள் நாலு.

நேற்று வரவே இல்லை. ஒன்பது மணிக்கு அடித்தேன், பதினோரு மணிக்கு அடித்தேன். போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். பன்னிரண்டு. ஒரு மணி. சோறு வந்தது, வேண்டாம் என்றேன். "வேலையா இருப்பா பெரியம்மா" என்றாள் ராணி. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உதடு காய்ந்து, அடுத்த வண்டி அடுத்த வண்டி என்று போய்க்கொண்டிருப்பாள், முகம் மரக்கட்டையாகியிருக்கும், எனக்குத் தெரியும். எழுந்து பஸ் ஏறிப் போய் அவளை இழுத்துக்கொண்டு வரலாம் என்று தோன்றுகிறது. இங்கே பக்கவாட்டில் திரும்பவே மூன்று பேர் வேண்டும். மூச்சைப் பார்த்தேன். பூண்டு நட்டுப் பார்த்தேன். ஒரு வரிசைகூடப் போகவில்லை.

இரண்டு மணி தாண்டி போன் அடித்தது. நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"அம்மா, நான் நிஷா பேசுறேன். செல்வியக்கா கூட வேலை பாக்குறேன்." சின்னப் பிள்ளைக் குரல்.

"அவளுக்கு என்னாச்சு?"

"ஒன்னும் ஆகலம்மா. காலையிலேர்ந்து ஃப்ளைட் எல்லாம் லேட்டு, ஒரே கூட்டம். அக்கா இப்போதான் பாத்ரூம் போயிருக்காங்க. நீங்க பயப்படுவீங்கன்னு போனை எங்கிட்ட குடுத்து அடிக்கச் சொன்னாங்க. அவங்க வண்டியை நான்தான் பிடிச்சிருக்கேன்."

பின்னால் ஒரு கிழவர் குரல் கேட்டது. "யாரும்மா போன்ல?"

"அக்காவோட அம்மா, தாத்தா. முதுகு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"இப்போ தேவலையான்னு கேளு."

"தேவலைன்னு சொல்லு தாயி" என்றேன். "அவ தண்ணி குடிச்சாளா?"

"ரெண்டு பேரும் இனிமேதான்மா. அக்கா வரட்டும். வந்ததும் நான் போவேன், அக்கா என் வண்டியைப் பிடிப்பாங்க."